பதினேழாம் எண் வீட்டுக் கூரையும் அறிக்கையின் ஏழாவது வரியும்

அனுப்புநர்:
கூரைத் தொழிலாளி (பெண்), உரிம எண் 318,
குடியிருப்பின் பின் தெரு,
தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் வீடு.

பெறுநர்:
உயர்திரு கண்காணிப்புப் பொறியாளர் அவர்கள்,
கூரைப் பராமரிப்புப் பிரிவு,
வீட்டு வசதித் துறைத் தலைமை அலுவலகம்.

பொருள்: குடியிருப்பு மூன்றாம் வரிசை, 17ஆம் எண் வீட்டின் கூரை முறிந்து என் கணவர் விழுந்தது – விபத்து அறிக்கையில் உள்ள பொய்யான வாசகங்களை நீக்கக் கோருதல் – அதே வரிசையின் உளுத்த மரங்களை உடனே மாற்றக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. உதவிப் பொறியாளரின் விபத்து அறிக்கை, நாள் 22.07.2023.
2. மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைச் சீட்டு, நாள் 19.07.2023.
3. இதே பொருளில் நான் அனுப்பிய மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்பதால் வணக்கம். பார்வை மூன்றில் கண்ட மனுக்களைப் பணிவுடன் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆகவே இந்த முறை பணிவைக் கொஞ்சம் குறைத்து, விவரத்தைக் கூட்டி எழுதுகிறேன்.

1. நானும் என் கணவரும் கூரைத் தொழிலாளிகள். அவருக்கு இருபத்திரண்டு வருட அனுபவம், எனக்குப் பதினான்கு. ஓடு பிரிப்பது, மரம் மாற்றுவது, ஒழுகலை அடைப்பது எங்கள் வேலை. தொழில் வட்டாரத்தில் அவரைப் ‘பூனை’ என்பார்கள். ஓட்டின் மேல் அவர் நடந்தால் கீழே இருப்பவருக்குக் கேட்காது. அவருக்குக் குடிப்பழக்கம் கிடையாது. கூட வேலை செய்கிறவர்கள் வற்புறுத்தினால், "நான் குடிச்சா உங்களுக்குத்தான்யா சிரமம், கீழ நின்னு பிடிக்கணும்" என்று சிரித்துத் தட்டிக்கழித்துவிடுவார்.

2. தங்கள் துறைக்குச் சொந்தமான மூன்றாம் வரிசையில் இருபத்து நான்கு ஓட்டு வீடுகள் உள்ளன. அவற்றின் கூரையைப் புதுப்பிக்கும் வேலை இந்த ஆண்டு ஓர் ஒப்பந்ததாரருக்குத் தரப்பட்டது. ‘உளுத்த கைமரங்களை அகற்றி, புது மரம் பொருத்தி, ஓடுகளை மீண்டும் வேய வேண்டும்’ என்பது வேலை உத்தரவு. கைமரம் என்பது ஓட்டின் மொத்தப் பாரத்தையும் தாங்கும் சாய்வு மரம். தங்களுக்குத் தெரியாததல்ல. இதுவரை இந்தக் கோப்பைத் தொட்டவர்களுக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதல் பதினாறு வீடுகளை வேறொரு குழு முடித்திருந்தது. 17 முதல் எங்களிடம் தந்தார்கள். வந்து இறங்கிய வண்டியில் ஆணி இருந்தது, ஓடு ஏற்றும் கயிறு இருந்தது, ஒரு டின் கரையான் மருந்தும் நான்கு டின் கறுப்புப் பெயிண்டும் இருந்தன. மரம் மட்டும் இல்லை. கேட்டதற்கு ஒப்பந்ததாரர், "பெயிண்ட் அடிச்சு மேல ஓட்டைப் போடுங்க. உள்ள என்ன இருக்குன்னு யாரு வந்து பாக்கப் போறா" என்றார். முதல் பதினாறு வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்பது அப்போதே எங்களுக்கு விளங்கிவிட்டது.

3. ஜூலை 18ஆம் தேதி என் கணவர் 17ஆம் எண் வீட்டின் நடுக் கைமரத்தில் திருப்புளியை வைத்து அழுத்தினார். பிடி வரைக்கும் உள்ளே போனது. அந்த மரத்தில் ஒரு துண்டைக் கையாலேயே பிய்த்தெடுத்து, துணியில் சுற்றிக்கொண்டு உதவிப் பொறியாளரிடம் போனார். நானும் உடன் போனேன். உதவிப் பொறியாளர் துணியை அவிழ்க்கச் சொல்லவில்லை. மேசையில் இருந்த கோப்பைப் புரட்டினார். "பைல்ல புது மரம்னு போட்டாச்சு. அப்ப புது மரம்தான். போய் வேலையப் பாரு" என்றார். எங்கள் கை படாத வீட்டுக்குக்கூட வேலை முடிந்ததாக அன்றைக்கே எழுதியிருந்தார்கள் என்பதைத் தாங்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டும்.

4. அந்த வீட்டில் இருப்பவர் ஒரு தையற்காரர். இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கும் மாமியாரை வைத்துப் பார்த்துக்கொள்கிறார். அந்த அம்மாளின் கட்டில் சரியாக அந்த நடு மரத்தின் கீழ் கிடந்தது. வேலையை விட்டு இறங்கிவிடலாம் என்றுதான் நான் சொன்னேன். அதை மறைக்கவில்லை. அதற்கு என் கணவர் சொன்னது: "நாம போயிட்டா அடுத்தவன் பெயிண்ட் அடிச்சிட்டுப் போவான். அந்தம்மா கீழதானே படுத்திருக்காங்க. ஒரு முட்டாவது குடுத்துட்டுப் போவோம்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு, எங்கள் வீட்டில் கிடந்த மரத்தை வெட்டிக் கொண்டுபோய் நடுக் கைமரத்துக்கு முட்டுக் கொடுத்தார். அதற்கு முன் தையற்காரரோடு சேர்ந்து கட்டிலைச் சுவரோரம் தள்ளிப் போட்டார். தூசி விழாமல் அந்த அம்மாளின் முகத்தருகே ஒரு புடவையைக் கட்டிவிட்டார். பிறகு பாரத்தைக் குறைக்க ஓடு பிரிக்க மேலே ஏறினார். நான் ஏணியில் நின்று வாங்கி அடுக்கினேன்.

முட்டுக் கொடுத்த மரம் நின்றது. அதற்கு அடுத்த மரம்தான் போனது. அதன் கீழ்ப்பாதியை அவர் குத்திப் பார்த்திருந்தார், கெட்டியாக இருந்தது. கூரை உச்சியில் உள்ள மோட்டு ஓட்டின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த மேல்பாதி பொடியாகியிருந்தது. நல்ல மரம் முறியும்போது சத்தம் போடும், ஆள் நகர நேரம் கிடைக்கும். உளுத்த மரம் சத்தமே இல்லாமல் விட்டுவிடும். ஓட்டை வாங்க நான் கையை நீட்டிக்கொண்டிருந்தேன். தருவதற்கு அங்கே ஆள் இல்லை.

தையற்காரரின் துணி வெட்டும் மேசை விளிம்பில் என் கணவர் இடுப்பு அடிபட விழுந்தார். மேலே வைத்திருந்த கரையான் மருந்து டின்னும் கூடவே விழுந்து, அவர் மேலும் தரை முழுவதும் கொட்டியது. கட்டில் அங்கிருந்து நான்கு அடி தள்ளி இருந்தது. தள்ளிப் போட்டிருக்காவிட்டால் இந்த மனுவை இரண்டு குடும்பங்கள் சேர்ந்து எழுத வேண்டியிருந்திருக்கும்.

5. இனி அறிக்கை. உதவிப் பொறியாளர் அன்று மாலை நான்கு மணிக்கு வந்தார். என் கணவர் பதினொரு மணிக்கே மருத்துவமனையில் இருந்தார். அதாவது, அறிக்கை எழுதியவர் அடிபட்டவரைப் பார்க்கவே இல்லை.

அறிக்கையின் நான்காவது வரி: ‘கூரையின் மரங்கள் புதியவை, உறுதியானவை.’ இது பொய். மரத்தை நானே கையில் வைத்திருக்கிறேன்.

ஐந்தாவது வரி: ‘பாதுகாப்பு இடுப்புப்பட்டை வழங்கப்பட்டும் தொழிலாளி அணியவில்லை.’ இதுவும் பொய். ஆதாரமாக இணைத்துள்ள படத்தில் இரண்டு பட்டைகள் கடையின் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கின்றன. படத்தின் மூலையில் தேதி இருக்கிறது. 20ஆம் தேதி. அவர் விழுந்தது 19ஆம் தேதி.

ஏழாவது வரி: ‘சம்பவ இடத்தில் வாடை வீசியதால், தொழிலாளி மது அருந்திய நிலையில் கவனக்குறைவாகக் கால் வைத்து விழுந்தார் எனத் தெரிகிறது.’ யாருக்குத் தெரிகிறது, ஐயா? தரையில் கொட்டிய கரையான் மருந்தின் வாடையை முகர்ந்துவிட்டு, ஊரின் மறுகோடியில் மயக்கத்தில் கிடந்த மனிதரைக் குடிகாரர் என்று எழுதியிருக்கிறார். தையற்காரர் அங்கேயே, "சார், அது மரத்துக்கு அடிக்கிற மருந்து, டின்னு இதோ கெடக்கு பாருங்க" என்று காட்டியிருக்கிறார். "உன்னைக் கேட்டாச் சொல்லு" என்பதே கிடைத்த பதில். அவரைக் கடைசி வரை யாரும் கேட்கவில்லை. மருத்துவமனையில் எடுத்த இரத்தத்தில் மது இல்லை என்று சீட்டு சொல்கிறது. அதன் நகலை உதவிப் பொறியாளரின் கையிலேயே கொடுத்தேன். அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

குடித்துவிட்டு ஏறுகிறவர் கிழவியின் கட்டிலை நகர்த்திவிட்டு ஏறுவாரா என்பதைத் தாங்களே சொல்ல வேண்டும்.

6. அந்த ஒரு வரி என்ன செய்தது என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது. என் கணவருக்கு இடுப்பெலும்பும் முதுகெலும்பில் இரண்டு கண்ணியும் போய்விட்டன. இடது காலில் உணர்ச்சி இல்லை. அவர் அதைத் தாங்கிக்கொண்டார். உரிமத்தை ரத்து செய்து கடிதம் வந்தது. அதையும் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பிறகு அவருடைய அக்காள் பார்க்க வந்தார். விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. எப்படி இருக்கிறாய் என்று கேட்பதற்கு முன்னால், குனிந்து தம்பியின் வாயை முகர்ந்து பார்த்தார்.

இரண்டு நாள் என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். மூன்றாம் நாள், "எல்லாரும் வந்து மோந்து பாத்துட்டுப் போகட்டும். எந்திரிச்சு ஓடவா போறேன்" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவருக்குக் கோபம் வரவில்லை. அவர் பங்கையும் சேர்த்து நானே படுகிறேன்.

7. ஆகஸ்டு முதல் வாரம் ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் ஒரு காகிதத்தோடு வந்தார். அறிக்கை சரி என்று கையெழுத்துப் போட்டால் சேமிப்புக் கிடங்கில் என் கணவருக்குக் காவல் வேலை என்றார். "சும்மா உக்காந்து பாத்துக்கிற வேலைதாம்மா" என்றார். உட்காரவே முடியாத மனிதருக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை. காகிதத்தை அவர் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகி, வாசலைக் காட்டினேன்.

அதே வாரம் திருப்புளியை எடுத்துக்கொண்டு மூன்றாம் வரிசையின் மற்ற இருபத்து மூன்று வீடுகளுக்கும் போனேன். அதற்குள் மீதி வீடுகளுக்கும் வேறு ஆட்களை வைத்துப் பெயிண்ட் அடித்து முடித்திருந்தார்கள். குடியிருப்பவர்களின் அனுமதியோடு, மேசை மேல் ஏறி, ஒவ்வொரு கைமரத்தையும் குத்திப் பார்த்தேன். பத்தொன்பது வீடுகளில் பெயிண்டைத் தாண்டியதும் திருப்புளி தானாக இறங்கியது. நான்கு வீடுகளில் மரம் நன்றாக இருக்கிறது. அதையும் பட்டியலில் எழுதியிருக்கிறேன். இல்லாததை எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

பட்டியலோடு ஒரு மரத் துண்டையும் தங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தேன். தபால் பிரிவு எழுத்தர், "மரத்தையெல்லாம் எந்த ரிஜிஸ்டர்லம்மா ஏத்துறது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்லவில்லை. அவரிடம் உள்ள பதிவேட்டில் காகிதத்துக்கு மட்டும்தான் இடம் இருக்கிறது.

8. நேற்று, ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் ஒரு காரியம் செய்தோம். தங்கள் துறையின் அனுமதி பெறவில்லை. மறைக்கவும் இல்லை. விபத்துக்குப் பிறகு 17ஆம் எண் வீட்டில் முறிந்த மரத்தை மட்டும் மாற்றி, மற்றவற்றுக்குக் கறுப்பு அடித்து மூடியிருந்தார்கள். பதினொரு கூரைத் தொழிலாளிகள் கூலியை எதிர்பார்க்காமல் வந்தார்கள். தையற்காரரும் மாமியாரும் பக்கத்து வீட்டுக்கு மாறினார்கள். காலை ஏழு மணிக்குத் தொடங்கி நண்பகலுக்குள் ஓடுகள் அனைத்தையும் இறக்கித் தெரு ஓரம் அடுக்கினோம். ஓர் ஓடுகூட உடையவில்லை. கைமரங்கள் இப்போது வெட்டவெளியில் நிற்கின்றன. வரிசை முழுக்க மக்கள் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக அவரவர் வீட்டுக்குள் போய், படுக்கையைச் சுவரோரம் இழுக்கும் சத்தம் கேட்டது.

தாங்கள் ஏணி ஏற வேண்டியதில்லை. தெருவில் நின்றாலே தெரியும். அந்தப் பதினொரு பேரும் இனி இந்த ஒப்பந்ததாரரின் எந்தக் கூரையிலும் ஏறுவதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் இத்துடன் உள்ளது. கூரை பிரித்தது குற்றமானால் வழக்கை என் மேல் போடவும். நீதிமன்றத்தில் அந்த மரங்களையும் சாட்சியாகக் கொண்டுவரச் சொல்வேன்.

9. ஆகவே, தாங்கள் நேரில் வந்து மூன்றாம் வரிசையைப் பார்வையிட வேண்டும். அறிக்கையின் நான்கு, ஐந்து, ஏழாம் வரிகளை நீக்கி, நடந்ததை எழுத வேண்டும். தையற்காரரின் வாக்குமூலத்தைப் பதிவு செய்ய வேண்டும். என் கணவரின் உரிமத்தைத் திருப்பித் தர வேண்டும். அவர் இனி ஏறப் போவதில்லை என்பது எங்களுக்கும் தெரியும். இருந்தாலும் அது அவர் பெயரில் இருக்க வேண்டும். மழைக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. அதற்குள் இருபது வீடுகளுக்கும் மரம் வர வேண்டும். உண்மையான மரம்.

10. இந்த மனுவை அனுப்புவதற்கு முன் என் கணவருக்குப் படித்துக் காட்டினேன். ஒப்பந்ததாரரைப் பற்றி நான் எழுதியிருந்த இரண்டு வார்த்தைகளை அடிக்கச் சொன்னார், அடித்துவிட்டேன். ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: பட்டியலின்படி 22ஆம் எண் வீட்டில் சமையலறைப் பக்கத்திலிருந்து மூன்றாவது கைமரம் விசாரணை முடியும்வரை தாங்காது. இன்றைக்கே அங்கே ஒரு முட்டுக் கொடுக்க ஆள் அனுப்ப வேண்டும். தன்னுடைய பெயர் பிறகு சரியானால் போதும், முதலில் அதைப் பாருங்கள் என்கிறார்.

அவர் சொன்னதால் எழுதியிருக்கிறேன். ஆனால் ‘பிறகு’ என்ற அவருடைய வார்த்தைக்கு நான் சம்மதிக்கவில்லை. இரண்டும் ஒரே நாளில் நடக்க வேண்டும்.

நாள்: 11.09.2023
இடம்: மூன்றாம் வரிசை, 17ஆம் எண் வீடு (கூரை இல்லை)

இப்படிக்கு,
(கையொப்பம்)
கூரைத் தொழிலாளி, உரிம எண் 318

இணைப்பு: இரத்தப் பரிசோதனைச் சீட்டின் நகல், இடுப்புப்பட்டைப் படம், இருபத்து மூன்று வீடுகளின் பட்டியல், பதினொரு பேர் கடிதம், ஒரு முழம் கைமரம், துணியில் சுற்றியது. விரலால் அழுத்திப் பார்க்கவும்.