பிழையும் பிழயும்

தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் இன்று காலை ஒரு புதுப் பலகை பார்த்தேன், மக்கா. 'துப்பியால் பிழ' என்று மலையாளத்தில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறது. துப்பினால் அபராதம் என்று அர்த்தம். அதன் முன்னால் நின்று தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள் பயந்து நகர்ந்துபோனாள். நீ போய் நாற்பது நாள்கூட ஆகவில்லை, பாவி. கூடச் சிரிக்க ஆள் இல்லை.

தொண்ணூறுகளில் நடந்ததை உனக்கே சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், இப்போது நீ குறுக்கே பேச மாட்டாய் அல்லவா? பத்து வருஷம் ஓட்டலில் எச்சில் இலை எடுத்துச் சேர்த்ததில் ஆரியசாலையில் பிளாஸ்டிக் வாளிக் கடை போட்டேன். ஆறாம் மாதமே விற்பனை வரி ஆபீசிலிருந்து நோட்டீஸ். மாதக் கணக்குப் படிவத்தில் வாங்கியதையும் விற்றதையும் இடம் மாற்றி எழுதித் தொலைத்திருந்தேன். விற்பனையைக் குறைத்துக் காட்டியதாகச் சந்தேகம். அபராதம் விழுந்தால் கடையை விற்றாலும் கட்டித் தீராது.

பக்கத்துக் கயிற்றுக்கடைக்காரன் நீ. ஷட்டரை இறக்கிவிட்டுத் துணைக்கு வந்தாய். "நீ வாயத் தொறக்காத மக்கா, நான் பேசுதேன்" என்று ஆட்டோவில் மூன்று தடவை சொன்னாய். நான் கேட்கிற ஆளா? ஆபீசர் நிமிர்ந்ததுமே கும்பிட்டு, எனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில் உண்மையை ஒப்புக்கொண்டேன்.

"பிழ உண்டு சாரே. ஞான் சம்மதிச்சு."

அவருக்கு வேலை மிச்சம். அபராதத்துக்குச் சம்மதம் என்று எழுதி, தாளை என் பக்கம் திருப்பினார். நான் பேனாவைத் திறந்துவிட்டேன்.

"ஒப்பு போடாத!" நீ கத்திய கத்தலில் அடுத்த அறை கிளார்க் எட்டிப் பார்த்தார். "சாரே, இயாள் தமிழனாணு. தமிழில் பிழைன்னா தெற்று. தப்பு நடந்து போச்சுன்னாணு இயாள் பறஞ்ஞது!"

ஆபீசர் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். என் பில்களைப் புரட்டி, இடம் மாறியிருப்பதைப் பார்த்து, எழுதியதை அடித்தார். "தெற்று திருத்தி நாளெ கொண்டு வரூ." அவ்வளவுதான்! அப்பாடா என்று ஆகிவிட்டது எனக்கு.

"வாளி விக்குத வாயா இது, லே?" என்று படியிறங்கும் வரை திட்டிக்கொண்டே வந்தாய். வாயைத் திறந்தால் அழுதிருப்பேன். அபராதம் விழுந்தால் நேரே கட்டடக்காரரிடம் போய்க் கடைச் சாவியைக் கொடுத்துவிட்டு, மறுபடி இலை எடுக்கப் போவது என்று முடிவு செய்துதான் அன்று கிளம்பியிருந்தேன். உன்னிடம் அதைச் சொல்லவே இல்லை. சாவி சட்டைப்பையில் இருந்தது.

இப்போதும் சட்டைப்பையில்தான் இருக்கிறது, மக்கா.