மாலை போட்ட படம்

பினாங்கு,
14 ஜூன் 1987

அன்பு மகள் அருந்ததிக்கு,

உன் அப்பா உயிரோடு இருந்து எழுதுவது. அம்மா சுகம். இங்கே மழை இல்லை.

உன் மன்னிப்புக் கடிதம் வந்தது. கடைசி ஆண்டையும் படித்து முடிக்கவா, ஒப்புக்கொண்டபடி பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆசிரியர் பயிற்சிக்கு வந்துவிடவா என்று கேட்டிருக்கிறாய். அதற்குப் பதில் பிறகு. முதலில் நீ செய்த காரியத்தால் இங்கே நடந்ததைக் கேள்.

பாடத்துக்காக எடுத்த தொலைக்காட்சி நாடகத்துக்கு மூன்று சுவர் வைத்து ஒரு வீடு கட்டினீர்களாம். சுவர் வெறுமையாகத் தெரிந்ததாம். கதையில் அப்பா இறந்துபோனவராம். கையில் இருந்தது என் படம்தானாம். ஒரு நொடி வந்து போகும், யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்தாயாம். நான் துறைமுக அலுவலகத்தில் ஓய்வுபெற்ற அன்று கோட்டுப் போட்டு எடுத்த படம் அது. போன தீபாவளிக்கு நீ கேட்டபோது, மகள் ஆசையாகக் கேட்கிறாளே என்று கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன். அதற்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, முன்னால் விளக்கும் ஏற்றியிருக்கிறாய். கேமரா, ஒளி, நடிப்பு என்று அத்தனையும் சொல்லித் தருகிற கல்லூரியில், இருப்பவன் படத்துக்கு மாலை போடக்கூடாது என்று ஒருவரும் சொல்லித் தரவில்லையா?

தொலைக்காட்சியில் அதைக் காட்டிய மாலையில் நான் பார்க்கவில்லை. அழுவதற்கும் சிரிப்பதற்கும் ஒரு கல்லூரியா என்று அன்றைக்குக் கேட்டேன், இன்றைக்கும் கேட்கிறேன். நான் அகராதியை வைத்துக்கொண்டு நானாகவே படித்துத் தலைமைக் குமாஸ்தா ஆனவன். ஆகவே வாசல் பக்கம் உட்கார்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அம்மா வெளியே வந்து என் தோளைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் உப்பும் மிளகாயும் எடுத்துவந்து என் தலையைச் சுற்றிக் கரி அடுப்பில் போட்டாள். என்ன என்று கேட்டால், "பேசாம இருங்க" என்றாள்.

மறுநாள் காலையில் ஆயர் ஈத்தாமிலிருந்து நம் பழைய பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி வந்தாள். தலையில் பூ இல்லை, கையில் சாப்பாட்டுக் கேரியர். அம்மா அப்போது மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அந்த வாசனை பட்டதும் புஷ்பவள்ளி வாசலிலேயே நின்று, "ஏன் நல்லம்மாக்கா, காரியம்கூட முடியல, அதுக்குள்ள மீனா?" என்று கேட்டது குளியலறையில் இருந்த எனக்கே கேட்டது. யாருக்குக் காரியம் என்று கேட்க நான் துண்டோடு வெளியே வந்தேன். அவள் கேரியரைக் கீழே வைத்து, தானும் கீழே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வந்த பிறகு, "சரிண்ணே, ஆக்கினது வீணாப் போவ வேணாம், சாப்பிடுங்க லா" என்றாள். என் சாவுக்கு வந்த சோற்றை நான் தொடவில்லை. அம்மா சாப்பிட்டாள். நன்றாக இருந்ததாம்.

இந்த வீட்டுக்கு டெலிபோன் வேண்டாம் என்று நான் சொல்லி வந்ததால்தான் ஒருவராலும் விசாரிக்க முடியவில்லை என்று அம்மா சொல்கிறாள். அதை நான் ஏற்கவில்லை.

பகலில் ஒரு கெரேத்தா வந்து நின்றது. கார்க் கதவைத் திறந்து இறங்கியவர் புக்கிட் மெர்தாஜாம் விநாசித்தம்பி. உனக்குப் பெரியப்பா முறை. மகள் கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைக்காமல் பத்திரிகையைத் தபாலில் அனுப்பியவர். அதன் பிறகு நான் அவர் வாசலை மிதித்ததில்லை, அவரும் இங்கே வந்ததில்லை. இப்போது வெள்ளை வேட்டியோடு, கேட்டுக்கு வெளியிலிருந்தே அழுதுகொண்டு வந்தார். கதவைத் திறந்தது நான். அழுகை நின்றது, கோபம் வந்தது. "நான் கல்யாணத்துக்குத்தானடா தபால்ல சொன்னேன். நீ சாவுக்கு டிவியில சொல்றியா?" என்றார்.

நான் சாகவில்லை என்றேன். "அது தெரியுது. அப்ப மாலை யாரு போட்டா? இருக்கிறவன் படத்துக்கு எந்தப் புள்ள மாலை போடும்?" என்றார். கதைக்காக என்றேன். அதைச் சொல்லும்போதே, உனக்காக வாதாடிக்கொண்டிருக்கிறேன் என்பது தெரிந்து எனக்கு எரிச்சல் வந்தது. அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் பொரித்த மீனை வைத்தாள்.

சாப்பிட்டதும், வாசு வீடியோவில் பிடித்து வைத்திருக்கிறான், வா பார்க்கலாம் என்று கூப்பிட்டார். வாசு அவர் மகன், கெரேத்தாவை ஓட்டிவந்தவன். நான் மாட்டேன் என்றேன். "உன் சாவ நீயே பார்க்கலன்னா எப்படி?" என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டார்.

பார்த்தேன். நீ அந்தப் படத்தின் முன்னால் வந்து நின்றாய். அழவில்லை. கோணலாக இருந்த மாலையை நேராக்கிவிட்டு, "கடைசி வரைக்கும் நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லலியேப்பா" என்று மட்டும் சொன்னாய். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் வீட்டார் எல்லாரும் அழுதார்கள். அண்ணன் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டே எனக்காக அழுதார்.

நாடாவைப் பின்னுக்குச் சுற்றி மறுபடி போடச் சொன்னேன். விளக்கை எந்தத் திசையில் வைத்திருக்கிறீர்கள் என்று பார்க்கத்தான். அதற்குப் பிறகும் போடச் சொன்னேன். வாசு சலித்துக்கொண்டான்.

குறைகளையும் எழுதிவிடுகிறேன். "அப்பா" என்று சொல்லும் இடத்தில் உன் குரல் உள்ளே போய்விடுகிறது, தெளிவாகக் கேட்கவில்லை. விளக்கைத் தெற்கே பார்த்து வைத்தது தவறு. இந்த நாடகத்துக்கு உன் விரிவுரையாளர் எத்தனை மதிப்பெண் போட்டார்? குறைவாகப் போட்டிருந்தால் அவர் பெயரையும் விலாசத்தையும் அனுப்பு.

இனி உன் கேள்வி. இரண்டு ஆண்டு போதும் என்று சொன்னவன் நான். சொன்ன சொல்லை மாற்றுகிற பழக்கம் எனக்கு இல்லை, இப்போதும் மாற்றவில்லை. ஆனால் ஆசிரியர் பயிற்சிக்கு அடுத்த ஆண்டும் ஆள் எடுப்பார்கள், அதற்கடுத்த ஆண்டும் எடுப்பார்கள். மூன்று ஆண்டுப் படிப்பை இரண்டோடு நிறுத்தியவள் என்று நாளைக்கு உன்னை யாரும் சொல்லக்கூடாது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. வேண்டுமானால் பெரியப்பாவைக் கேட்டுப்பார்.

ஆகவே பெட்டியைக் கட்டாதே. அவசரப்படாமல் முடித்துவிட்டு வா மகளே, நான் இருப்பேன். தண்ணீர்மலை முருகன் உனக்குத் துணை.

இப்படிக்கு,
உன் அப்பா
க. விஸ்வலிங்கம்