மேடைக் கதவு திறக்காத கதை

என் செல்லப் பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை, உன் அப்பாவுக்கு நான் இருப்பதைத் தவிர வேறு குறை இல்லை. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி எழுந்து இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன், நினைத்துக்கொள்ளத்தான் முடியும், வந்து உன் பாத்திரத்தைத் திறந்தா பார்க்க முடியும். போன வாரம் அனுப்பிய படத்தில் கழுத்தெலும்பு தெரிகிறது. அது ஃபேஷன் என்று சொல்லாதே, எங்கள் காலத்தில் அதற்குப் பேர் காய்ச்சல். போனில் பேசினால் பாதியில் அப்பா பிடுங்கிக்கொண்டு அங்கே மழையா வெயிலா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார், அதுவும் இல்லாமல் இது அவர் காதில் விழக்கூடாத விஷயம், அதனால்தான் தையல் மெஷின் மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். நான் படித்த நாலு வகுப்புக்கு இவ்வளவுதான் புள்ளியும் கமாவும் வரும், மீதியை நீ போட்டுக்கொள்.

விடுமுறைக்கு நம் மன்றத்துக் கூடத்தில் வருஷா வருஷம் நடக்கும் பாட்டும் நாடகமும் போன சனிக்கிழமை நடந்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் உன் சித்தப்பா விஷயத்தைச் சொல்ல வேண்டும். சித்திக்கு அவள் அம்மா வீட்டுப் பக்கம் வேலை கிடைத்திருக்கிறது, விடுமுறை முடிந்ததும் வீட்டைக் காலி செய்துகொண்டு எல்லோரும் கிளம்புகிறார்கள். அந்த அலமாரிச் சண்டைக்குப் பிறகு மூன்று வருஷமாக அண்ணனும் தம்பியும் பேச்சுவார்த்தை இல்லை என்பது உனக்கே தெரியும். அப்பா பார்த்துப் பார்த்துச் செய்துகொடுத்த அலமாரி, சித்தப்பா வீட்டு வாசலில் நுழையவில்லை. ஓரத்தை இழைத்துக் குறைக்கலாம் என்று அப்பா இழைப்புளி எடுத்துவரப் போன நேரத்தில் சித்தப்பா ரம்பத்தை எடுத்து நாலு காலையும் அறுத்துவிட்டார். அப்பா திரும்பி வந்தபோது நாலு காலும் வாசலில் செருப்பு மாதிரி வரிசையாக நின்றன. அன்றைக்கு மூடிய வாய். எதிரெதிர் வீட்டில் இருந்துகொண்டே மூன்று வருஷம் இப்படி என்றால், ஊரை விட்டுப் போன பிறகு இவர்கள் எங்கே பேசப் போகிறார்கள். அதனால் நான் ஒரு வேலை செய்தேன். நாடகம் போடும் கணக்கு வாத்தியார், உடுப்பு தைக்கிற என்னிடம் ஒரு கதவும் வேண்டும் என்று கேட்டபோது, கதவு செய்ய உன் அப்பாவையும் பெயிண்ட் அடிக்க உன் சித்தப்பாவையும் சொல்லிவிட்டேன். ஒரே கதவில் இரண்டு பேர் வேலை செய்தால் ஒரு வார்த்தையாவது பேசித்தானே ஆக வேண்டும் என்று என் கணக்கு.

கணக்கு தப்பாகிவிட்டது. இரண்டு பேரும் ஐந்தடி தூரத்தில் நின்றுகொண்டு என்னை நடுவில் நிறுத்திவிட்டார்கள். நிலைக்கு முதல்ல அடிக்கச் சொல்லு அவனை என்பார் அப்பா. தூசி பறக்குது, இழைக்கிறதை நிறுத்தச் சொல்லுங்க அண்ணி என்பார் சித்தப்பா. பத்து நாள் கழுத்தைத் திருப்பித் திருப்பி நான் டேபிள் ஃபேன் ஆகிவிட்டேன். அது மட்டுமா, சித்தப்பா வாயில் அப்பாவுக்குப் பேர் மரங்கொத்தி, அப்பா வாயில் சித்தப்பாவுக்குப் பேர் சுண்ணாம்பு. அதையெல்லாம் வடிகட்டிவிட்டுச் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்வேன். சில சமயம் வடிகட்டினால் சொல்வதற்கு ஒன்றுமே மிஞ்சாது.

நாடகத்துக்கு முதல் நாள் சாயங்காலம் சித்தப்பா பெயிண்ட் டப்பாவை மூடிக்கொண்டே, அண்ணி, மூணாவது கோட்டு அடிச்சிருக்கேன், காய நேரமாகும், நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் கதவைச் சாத்த வேணாம்னு மரங்கொத்திகிட்ட சொல்லிருங்க என்றார். சரி என்றேன். அந்த நேரம் பார்த்து மருந்துக்கடைக்காரர் நாடகத்துக்குத் தைத்த சட்டையைப் போட்டுப்பார்த்து முதுகு கிழிந்துவிட்டது என்று வந்து நின்றார், அவருக்கு அளவெடுத்தது போன மாதம், அதற்குள் ஒரு சுற்று பெருத்துவிட்டார். அதைப் பிரித்துத் தைக்க உட்கார்ந்தவள் சித்தப்பா சொன்னதைச் சுத்தமாக மறந்துவிட்டேன். உன்னிடம் மட்டும்தான் இதைச் சொல்கிறேன். மறுநாள் காலையில் அப்பா கூடத்துக்குப் போய்க் கதவை ஒரு தடவை சாத்திப் பார்த்திருக்கிறார். அவர் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் அரை நூல் இடைவெளிதான் விட்டிருந்தார், மேடைக் கதவுக்கு எதற்கு அவ்வளவு இறுக்கம் என்று கேட்டால் கதவுன்னா கதவு மாதிரி இருக்கணும் என்பார். ஒரு எறும்பு நுழைய முடியுமான்னு பாரு என்று என்னிடம் பெருமையாகக் காட்டினார். நானும் எறும்பைத் தேடினேனே தவிர பெயிண்ட் ஈரத்தை நினைக்கவில்லை. அதற்குப் பிறகு அப்பா, சும்மா சும்மா திறந்தா கீல் தளர்ந்துரும், நாடகத்துல திறந்தா போதும் என்று யாரையும் கதவைத் தொடவிடவில்லை.

சாயங்காலம் கூடத்தில் உட்கார இடம் இல்லை. முதலில் ஒரு மணி நேரம் பாட்டு. தபால்காரர் கிளாரினெட் வாசித்தார், சலவைக்கடை அக்கா ஆர்மோனியம். அந்த மனிதர் தபால் கொண்டுவரும்போது பேசுகிற குரலுக்கும் அந்த வாசிப்புக்கும் சம்பந்தமே இல்லை, தேன் மாதிரி இருந்தது. உன் அப்பா தலையை ஆட்டினார், தூக்கத்தில் இல்லை, நான் கிள்ளிப் பார்த்தேன். நீ இருந்திருந்தால் முதல் வரிசையில் உட்கார்ந்து அழுதிருப்பாய். பிறகு நாடகம். கதை இதுதான், அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு ஓடிப்போன மகன் கடைசியில் கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்கு வருகிறான், வீட்டுக்கு வரும் பாட்டை வாசிப்பார்கள், திரை இறங்கும். கை கால் விழுந்து படுக்கையில் கிடக்கும் அப்பா மருந்துக்கடைக்காரர். மகன் நம் முடிதிருத்துகிறவர், வயது நாற்பத்தெட்டு, தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டால் நாற்பத்தேழு சொல்லலாம். திரைக்கயிறு என் கையில்.

கடைசிக் காட்சி வந்தது. வெளியே இருந்து அவர், அப்பா, நான் வந்துட்டேன் என்று உருக்கமாகச் சொல்லிக் கதவைத் தள்ளினார். அசையவில்லை. தபால்காரர் பாட்டை ஆரம்பித்து முடித்தும்விட்டார். மறுபடி அப்பா நான் வந்துட்டேன். மறுபடி பாட்டு. சுவர் வெறும் துணி, பக்கத்தில் சுற்றிக்கொண்டு வந்திருக்கலாம், ஆனால் வாத்தியார் சுவர்ல நடக்காதய்யா என்று ஓரத்திலிருந்து பல்லைக் கடிக்கிறார். நாலாவது தடவை பாட்டு வந்தபோது தபால்காரருக்கு மூச்சு வாங்கியது. இரண்டு வருஷமாகக் கை கால் விழுந்து கிடந்த மருந்துக்கடைக்காரர் கட்டிலிலிருந்து எழுந்து விறுவிறு என்று நடந்துபோய்க் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கூட்டம் கை தட்டியது. யாரோ, மகன் வந்தான் வியாதி போச்சு என்றார்கள். வெளியே இருந்து நம் மகன், யோவ், திறக்கிறீங்களா இல்ல நான் கடைக்குப் போகவா என்றார்.

அப்போதுதான் எனக்கு அந்த ஈரம் ஞாபகம் வந்தது. அதற்குள் இடது பக்கத்திலிருந்து உன் அப்பா உளியோடு மேடைக்கு வந்துவிட்டார். வலது பக்கத்திலிருந்து சித்தப்பா பெயிண்ட் சுரண்டும் பட்டிக் கத்தியோடு வந்தார். இரண்டு பேருக்கும் வேலை என்றால் மேடை, கூட்டம், எதுவும் கண்ணுக்குத் தெரியாது. கதவுக்கு முன்னால் முட்டிக்கொள்கிற மாதிரி நின்றார்கள். வாத்தியார் என்னைப் பார்த்துத் திரையை இறக்குங்க, இறக்குங்க என்று கையை வீசுகிறார். திரை இறங்கினால் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள் என்று எனக்குத் தெரியும், நடுவில் நிற்க அங்கே நானும் இல்லை. கயிற்றைக் கையில் ரெண்டு சுற்று சுற்றிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன்.

எத்தனை கோட்டுடா அடிச்ச என்றார் உன் அப்பா. மூணு. யாரு மூணு அடிக்கச் சொன்னது. நீ இந்த இறுக்கத்துல கதவு போட்டா ஒண்ணு அடிச்சாலும் ஒட்டத்தான் செய்யும். அளவு தெரியாதவனுக்கு ரம்பத்தைக் கொடுத்தா காலை அறுப்பான், பிரஷ்ஷைக் கொடுத்தா கதவை ஒட்டுவான். ஆமா அண்ணே, வாசலை அளக்காம அலமாரி செய்யறவன்தான் பெரிய ஆசாரி. இதெல்லாம் முந்நூறு பேர் முன்னால். கூட்டம் இவர்களை அந்த வீட்டின் மற்ற இரண்டு மகன்கள் என்று நினைத்துக்கொண்டது. முன்வரிசையில் ஒரு அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எங்க வீட்டுலயும் இதே கதைதான் என்றாள். பிறகு மரத்தைச் சுரண்டும் சத்தம் கேட்டு நான் கண்ணைத் திறந்தேன். சித்தப்பா இடுக்கில் கத்தியை விட்டு மேலிருந்து கீழே அறுத்துக்கொண்டு வருகிறார், அப்பா பின்னாலேயே உளியை நெம்பிக்கொண்டு வருகிறார். பாத்துடா கை என்றார் அப்பா. நீ பிடி அண்ணே, நான் இழுக்கறேன் என்றார் சித்தப்பா. கதவு படீரென்று திறந்தது, வெளியே சாய்ந்துகொண்டிருந்த மகன் பெட்டியோடு உள்ளே விழுந்து, தரையில் கிடந்தபடியே, அப்பா, நான் வந்துட்டேன் என்றார். ஆறாவது தடவையாகப் பாட்டு. ஜனம் எழுந்து நின்று கை தட்டியது. அப்போதுதான் திரையை இறக்கினேன்.

எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை அடுக்கும்போது சித்தப்பா நேராக என்னிடம் வந்தார், அப்பாவும் பக்கத்தில் இருக்கிறார். அண்ணி, சாத்த வேணாம்னு சொல்லச் சொன்னேனே, அண்ணன்கிட்ட சொன்னீங்கல்ல என்று கேட்டார். இப்போதுதான் பேச ஆரம்பித்தவர்கள், என்னால் மறுபடி எதுவும் ஆகிவிடக்கூடாதே என்று துடைத்த நாற்காலியையே மறுபடி துடைத்தேன். அதற்குள் உன் அப்பா ஒரு நாற்காலியைத் தூக்கி இன்னொன்றின் மேல் வைத்துக்கொண்டே, அவ சொன்னா, நான்தான் மறந்துட்டேன் என்றார். சித்தப்பா ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தார். சரி விடு அண்ணே, பெயிண்ட் அப்படித்தான் என்று சொல்லி அடுத்த நாற்காலியை எடுத்துக்கொடுத்தார். நீயே சொல், கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் தப்பு என்னுடையது என்று உன் அப்பா சொல்லி நான் கேட்டதில்லை, செய்த தப்புக்கே சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து விளக்கை அணைக்கும்போது, உனக்கு மூளைன்னு ஒண்ணு இருந்தா அது உன் மெஷின் பாபின் பெட்டிக்குள்ளதான் இருக்கும் என்றார். நான் என் தலையணையையும் அவர் பக்கம் தள்ளிவைத்தேன்.

புதன்கிழமை லாரி வருகிறது. சித்தப்பா போவது போவதுதான். ஆனால் சாமான் இறக்க உன் அப்பாவும் கூடப் போகிறார், நாலு நாள் அங்கேயே தங்கப் போகிறாராம், புது வீட்டு வாசலை அளந்து பார்க்க வேண்டுமாம். இன்று காலையிலிருந்து லாரியில் எதை முதலில் ஏற்றுவது என்று இரண்டு பேரும் தெருவில் நின்று கத்திக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கேட்கக் கேட்கத் திகட்டவில்லை.

ஈரத்தலையோடு படுக்காதே. சம்பளம் வந்ததும் ஒரு நல்ல செருப்பு வாங்கு. நீ நினைத்த நல்லதும் நினைக்காத நல்லதும் உனக்கு நடக்கட்டும், எங்கள் இரண்டு பேரின் ஆசியும் உன் தலைமேல். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது நாடகம் எப்படி இருந்தது என்று அப்பாவிடம் கேள், அவர் ஒரு மணி நேரம் சொல்வார். யார் மறந்தது என்று மட்டும் கேட்காதே. அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் நடந்தது.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே ஊசியில் நூல் கோக்கும்
அம்மா