பாதி மாத்திரை

அக்கா,

இன்று காலை அட்டையை அமுக்கியபோது மாத்திரை இரண்டாக உடைந்து உள்ளங்கையில் விழுந்தது. நான் உடைக்கவில்லை. உள்ளேயே உடைந்து கிடந்திருக்கிறது. அந்த இரண்டு துண்டையும் பார்த்துக்கொண்டு நின்றதில் அடுப்பில் பால் பொங்கியது தெரியவில்லை. தீய்ந்த வாடை கூடம்வரை போய் அத்தை சத்தம் போட்ட பிறகுதான் அணைத்தேன். அடுப்பைத் துடைக்கத் துடைக்க உங்கள் மேல் கோபம் வந்தது. போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது, இன்னும் காலங்கார்த்தாலே என் சமையலறைக்குள் வந்து நின்றால் என்ன அர்த்தம்?

கோபம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அது பொறாமைதான். உங்களுக்குத் தெரியாததா.

இந்த வீட்டுக்கு நீங்கள் மூத்த மருமகள், நான் இளையவள். ஓரகத்திகளுக்குள் சண்டை வந்துவிடக் கூடாதென்று அத்தை எதையும் சரிபாதியாகவே தருவார். பொங்கலுக்கு ஒரே கடையில் ஒரே நிறத்தில் இரண்டு புடவை. மாம்பழம் அறுத்தால் ஆளுக்கு ஒரு கன்னம், கொட்டை அவருக்கு. செராமிக் தொழிற்பேட்டையில் நாம் இருவரும் வேலை பார்த்த கம்பெனியில் கழித்துப் போட்ட கப்புகளைக் கொண்டுவந்தால்கூட விடமாட்டார். காது கோணியது ஆளுக்கு ஒன்று, விளிம்பு சொட்டையானது ஆளுக்கு ஒன்று என்று பிரித்து வைப்பார். பெரியவளுக்கு ஒண்ணு, சின்னவளுக்கு ஒண்ணு. அதுதான் வீட்டுச் சட்டம். உங்களுக்கு உடம்பு முடியாமல் போனபோதுதான் முதன்முதலில் அந்தச் சட்டம் உடைந்தது.

ஒரு மார்கழிக் காலை, வாசலில் புள்ளி வைத்து முடித்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். மடியில் மாவு டப்பா. பால்காரர் சைக்கிளை ஒதுக்கிக்கொண்டு போனார். என்னக்கா என்று கேட்டதற்கு, "எந்திரிக்கத் தோணலை" என்றீர்கள். அன்றிலிருந்து பேச்சு குறைந்தது, சோறு குறைந்தது, வேலைக்கு வருவது நின்றது. தெருவே காரணம் தேடியது. புருஷனோடு சண்டையா, மாமியார் கொடுமையா, பிள்ளைக்குச் சுகமில்லையா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒரு காரணமும் இல்லை. அதுதான் அவர்களுக்குத் தாங்கவில்லை.

அத்தை மணவாளநல்லூருக்குப் போய்க் கொளஞ்சியப்பரிடம் உங்கள் பெயரில் பிராது கட்டிவிட்டு வந்தார். ஊரார் தங்களுக்குக் கெடுதல் செய்தவன் மேல் புகார் எழுதிக் கட்டுவார்கள். அத்தையோ, பெரிய மருமகள் முகத்துச் சிரிப்பை எவனோ களவாண்டுவிட்டான், கண்டுபிடித்துக் கொடு முருகா என்று எழுதச் சொன்னாராம். கேட்டவர்கள் எல்லாரும் கண் கலங்கினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. சாமியிடமும் உங்கள் பெயர்தான் போய்ச் சேர்கிறது!

சாமிக்கு அடுத்து அரசு ஆஸ்பத்திரி. மனநல டாக்டரம்மா வரும் நாள் பார்த்து அழைத்துப் போனோம். இது மனச்சோர்வு, வியாதிதான், சோம்பலோ காத்துக் கருப்போ இல்லை, மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும் என்றார் அவர். அதுவரை ஒரு தம்ளரைக்கூட நகர்த்தி அறியாத மாமா, உங்கள் வீட்டுக்காரர், மறுநாளே பால் காய்ச்சினார். ஜன்னலோரம் கட்டில் போட்டார்கள். அத்தை தலை சீவிவிட்டார். சாத்துக்குடியோடு சொந்தபந்தம் வந்தது. மங்கலம்பேட்டையிலிருந்து உங்கள் பள்ளித் தோழி, வீட்டுக்காரர் குவைத்திலிருந்து கொண்டுவந்த பேரீச்சம்பழத்தை டப்பாவோடு கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சாத்துக்குடியை உரித்துக் கொடுத்ததும் தோலைப் பொறுக்கிப் போட்டதும் நான்தான். ஒரு சுளை எனக்கென்று யாரும் எடுத்து வைக்கவில்லை.

ஏன் அவ்வளவு எரிந்தது என்றால், அதே வியாதி உங்களுக்கு முன்பே எனக்கு வந்திருந்தது, அக்கா.

முந்தைய ஆடியிலேயே. விடியுமுன் விழிப்பு வந்துவிடும். நெஞ்சின் மேல் ஈரக் களிமண் மூட்டையை வைத்ததுபோல் கிடப்பேன். வாயில் வைப்பது எதுவும் ருசிக்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறையில் அழுவேன். அச்சிலிருந்து வரும் பொம்மைகளின் ஓரத்து வரியை ஈரப் பஞ்சால் துடைத்து எடுப்பதுதானே நம் வேலை. எனக்குத் துடைக்க ஆரம்பித்தால் நிறுத்த வராமல் போனது. ஒருநாள் ஒரு பலகைப் பிள்ளையார்கள் அத்தனைக்கும் கண்ணே இல்லாமல் துடைத்து வைத்துவிட்டேன். என்னம்மா, சாமி கண்ணை அவிச்சிட்டியே என்றார் மேஸ்திரி. சிரித்து மழுப்பினேன். வீட்டில் சொல்லலாம், இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தபோதுதான் நீங்கள் கோலத்தில் உட்கார்ந்தீர்கள். ஒருத்தி படுத்துவிட்டால் இன்னொருத்தி நின்றுதானே ஆக வேண்டும்? முந்திக்கொண்டீர்கள். எனக்கு வந்தது வியாதி என்று டாக்டரம்மா வாயால் கேட்டபோதும், அது உங்கள் பெயரில் எழுதப்பட்ட வியாதியாக இருந்தது.

மாத்திரை இல்லாமல் என்னென்னவோ செய்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை விரதம் இருந்தேன். செல்போனைப் பார்த்து மூச்சுப் பயிற்சி செய்தேன். உங்கள் வேலையையும் சேர்த்து இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன். வேலைவிட்டு வரும்போது பஸ்ஸைத் தவிர்த்து மணிமுத்தாற்றுப் பாலம் வழியாக நடந்தேன். பொய் சொல்லக் கூடாது, நடந்தது உதவியது. பாலத்துக் காற்றில் நிற்கும்போது மூட்டை கொஞ்சம் இறங்கும். வாசலை மிதித்து, கட்டிலில் உங்களைப் பார்த்ததும் பழையபடி ஏறிக்கொள்ளும்.

ஒருநாள் தண்ணீர் கேட்டீர்கள். தம்ளரை டொக்கென்று வைத்தேன்.

"உங்களுக்கென்னக்கா. மாத்திரை இருக்குது, படுக்கக் கட்டில் இருக்குது. எனக்கு என்னா இருக்குது?"

மாதக்கணக்கில் யாரையும் நேராகப் பார்க்காத நீங்கள் அன்று என்னைப் பார்த்தீர்கள்.

"உனக்குமா?" என்றீர்கள். நான் பாத்திரம் துலக்கப் போய்விட்டேன்.

மறுநாள் காலை அத்தையின் பாக்குவெட்டியைக் கேட்டு வாங்கி வைத்திருந்தீர்கள். மாத்திரையை அதில் கொடுத்து, பாக்கு நறுக்குவதுபோல் நறுக்கி, ஒரு துண்டை என் பக்கம் நீட்டினீர்கள். "இந்தா, உன் பங்கு." வாங்கி முழுங்கினேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! மருந்து செய்த வேலை இல்லை அது, பங்கு கிடைத்த சந்தோஷம். தினமும் இரண்டு துண்டில் எது பெரிசு என்றுகூடக் கண்ணால் அளந்திருக்கிறேன்.

எனக்கு அந்தப் பாதி ஒன்றும் செய்யவில்லை. உங்களுக்கோ, இருந்ததும் போயிற்று. எழுந்து வாசல்வரை நடக்க ஆரம்பித்திருந்தவர் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். உங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் வாங்கிய பரிசைக் கொண்டுவந்து காட்டினாள், நீங்கள் திரும்பவில்லை. நான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நிம்மதி என்று ஒருநாள் அத்தையிடம் சொன்னீர்கள். அவர் மிரண்டுபோய், பகலெல்லாம் உங்கள் முந்தானையைத் தன் முந்தானையோடு முடிந்துகொண்டு கட்டிலடியிலேயே உட்கார்ந்திருந்தார். எதனால் இப்படி ஆனது என்று வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அடுத்த நாள் அத்தை குளிக்கப் போன நேரத்தில் நீங்கள் நீட்டிய பாதியை வாங்காமல், வேண்டாம்க்கா, நீங்களே சாப்பிடுங்கள் என்றேன்.

"புடிடி," என்றீர்கள். "நான் படுத்தாச்சு. நீயும் படுத்துட்டா வூடு என்னாவுறது?"

வாங்கினேன். ஆனால் முழுங்கவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டேன். அன்று மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று டாக்டரம்மா கேட்டார். ஒரு நாள்கூடத் தப்பவில்லை, அட்டையைத் தானே பார்ப்பதாக மாமா அடித்துச் சொன்னார். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். அப்படியென்றால் இந்த மருந்து கேட்கவில்லை, வேறு எழுதுகிறேன் என்று அவர் பேனாவை எடுத்தார். அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை.

"அவங்க பாதிதான் சாப்புடுறாங்க டாக்டர். மீதி பாதி எனக்குக் குடுத்துடுறாங்க."

முடிச்சை அவிழ்த்துத் துண்டை மேஜைமேல் வைத்தேன். அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்க, நீங்கள்தான் வாய் திறந்தீர்கள். "எங்க வூட்டுல எல்லாமே சரிபாதிங்க," என்றீர்கள்.

அவர் சிரிக்கவில்லை. "புடவையப் பங்கு போடுங்க, பழத்தப் பங்கு போடுங்க. இதப் போடாதீங்க," என்றார். பிறகு மாமாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். தூக்கம் வருகிறதா, சோறு இறங்குகிறதா, எத்தனை நாளாக என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவர் கேட்கக் கேட்க, அதுவரை குழாய்ச் சத்தத்துக்குள்ளேயே அழுதிருந்தவள் அந்த அறையில் வாய்விட்டு அழுதேன். நீங்கள் என் முதுகைத் தடவிக்கொண்டு நின்றீர்கள். வெளியே வரும்போது என் கையில் என் பெயருக்கு ஒரு ஓ.பி. சீட்டு இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் பெயர் பார்த்தபோதுகூட அவ்வளவு பூரிப்பு இல்லை.

அதிலும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. உங்கள் மாத்திரை ரோஸ் நிறத்தில் அழகாக இருக்கும். எனக்குக் கொடுத்தது வெள்ளை, பொடிசு.

ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் மாமா டீ வாங்கப் போனபோது சொன்னீர்கள். "நீ டிபன் பாக்ஸ எடுத்துக்கிட்டு வாசலைத் தாண்டுற சத்தம் கேக்கும். அப்போல்லாம் உன்மேல எனக்கு அப்புடி எரியும்டி. இவளால மட்டும் எப்புடி எந்திரிச்சிப் போவ முடியுதுன்னு." படுத்துக் கிடந்த உங்களைப் பார்த்து நானும், நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து நீங்களும் அத்தனை மாதமாக வெந்திருக்கிறோம். டீ வந்தது. ஊதிக் குடித்துவிட்டு, "இனிமே உன்னது உனக்கு. முழுசா முழுங்கு," என்றீர்கள்.

பிறகு உங்களுக்குத் தெளிந்தது. மறுபடி கம்பெனிக்கு வந்தீர்கள். அடுத்தடுத்த வருஷங்களில் டாக்டரம்மா மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்து ஒருநாள் போதும் என்று நிறுத்திவிட்டார். எனக்கும் குறைத்துப் பார்த்தார். மூட்டை திரும்பி வந்தது. அவங்க உடம்பு அவங்களுது, உங்க உடம்பு உங்களுது என்று திரும்பவும் எழுதிக் கொடுத்தார். ஒரே வீடு, ஒரே சோறு. உங்களை விட்டுப்போனது என்னை ஏன் விடவில்லை? அன்று வீட்டுக்கு வந்து உங்களோடு பேசவே இல்லை. மறுநாள் காலை என் மாத்திரை வேளைக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தீர்கள். அதன் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. நீங்கள் தண்ணீர் வைப்பதைப் பார்க்கும்போதெல்லாம், வைக்கிற இடத்தில் இருக்கிறாளே பாவி என்று பொறாமைப்பட்டுக்கொண்டேதான் குடித்தேன்.

போன சித்திரையில் நெஞ்சு வலி என்றீர்கள். கடலூர் போய்ச் சேருவதற்குள் ஆம்புலன்ஸிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. பூவும் பொட்டுமா போயிட்டா என்று அத்தை அடித்துக்கொண்டு அழுதார். அங்கேயும் முந்திக்கொண்டீர்கள்.

இந்தப் பொங்கலுக்கு அத்தை கடைக்குப் போய்ப் பழக்கத்தில் இரண்டு புடவை எடுத்துவிட்டார், இரண்டும் மயில் கழுத்துப் பச்சை. வீட்டுக்கு வந்து பையைப் பிரித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, ரெண்டையும் நீயே கட்டு என்று கொடுத்தார். மாம்பழத்தில் இரண்டு கன்னமும் இப்போது எனக்குத்தான். ஜன்னலோரக் கட்டிலும் எனக்குத்தான். இத்தனை வருஷமாக எதற்கெல்லாம் வெந்தேனோ அதெல்லாம் முழுசாக வந்துவிட்டது, அக்கா. எதுவும் தொண்டையில் இறங்கவில்லை. பங்கு கேட்டுச் சண்டை போட நீங்கள் வேண்டியிருக்கிறது.

இன்று காலை, அடுப்பைத் துடைத்து முடித்துவிட்டுப் பார்க்கிறேன்: ஒரு பாதி என் கையில் இருக்கிறது, இன்னொரு பாதியை மேடையில் உங்கள் கப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை. முழுசா முழுங்கு என்று நீங்கள் சொன்னது காதில் கேட்டது. சரி, சரி என்று அதையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். தண்ணீர் வைக்க ஆள் இல்லாததால் நானே பிடித்து, உங்கள் கப்பிலேயே குடித்தேன்.

குடித்துவிட்டு அதையும் என்னுடைய கப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உங்கள் கப்பின் காது என்னுடையதைவிடக் குறைவாகத்தான் கோணியிருக்கிறது. அத்தை அப்போதே ஓரவஞ்சனை செய்திருக்கிறார். தெரிந்துகொண்டே இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் குடித்திருக்கிறீர்களே, அக்கா.

சின்னவள்