தோசையில் ஊற்றிய ஆலிவ் எண்ணெய்

செவ்வாய்க்கிழமை, இரவு.

வீட்டுக்காரருக்கு ரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. பாமாயிலுக்குப் பதில் ஆலிவ் எண்ணெய் சேர்த்தால் இதயத்துக்கு நல்லது என்று படித்தேன். பரளச்சியில் அது எங்கே கிடைக்கும்? அருப்புக்கோட்டைக்குப் போனபோது மெடிக்கலில் ஒரு சின்ன பாட்டில் வாங்கி வந்தேன். மூன்று நாளாக அவர் தோசைக்கு அதுதான்.

முதல் நாளே சிரித்தார். "என்ன புள்ள, தோசையில நம்ம பாப்பா குளிச்ச வாசம் அடிக்குது?"

"நல்ல எண்ணெய்னா அப்படித்தான் இருக்கும். பேசாம சாப்பிடுங்க" என்று அடக்கிவிட்டேன்.

இன்று மாலை பாட்டிலைத் துடைக்கும்போதுதான் பார்த்தேன். உடம்பில் தேய்க்க மட்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. கைக்குழந்தைக்குத் தேய்த்துவிடும் எண்ணெய். பி.எஸ்சி. படித்தவள் நான்.

மெடிக்கலுக்குப் போன் போட்டேன். "ஒண்ணும் ஆகாதும்மா, இனிமே ஊத்தாதீக" என்றார் கடைக்காரர். எந்தத் தைரியத்தில் சொன்னாரோ.

வீட்டுக்காரரிடம் சொல்லத்தான் வேண்டும். சொன்னால் பழையபடி பாமாயில் வடைக்கே போய்விடுவார். காலையில் சாப்பிட்டு எழும்போதுகூட, "நெஞ்சு லேசா இருக்கு புள்ள, இதையே ஊத்து" என்றார்.

இப்போது குறட்டை விடுகிறார். அது நிற்கும்போதெல்லாம் பேனாவை வைத்துவிட்டு எட்டிப் பார்க்கிறேன்.