சரளை நிலத்தில் இரண்டு ஆள் வேலை

ஏப்ரல் 6

நேற்று ஓர் அங்குல மழை. காலையில் போய்ப் பார்த்தால் நிலத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கவில்லை. ஒரு பிடி மண்ணை அள்ளி இறுக்கிக் கையை விரித்தேன், உதிர்ந்துவிட்டது. நாலு அங்குல ஆழத்தில் வெப்பமானி நாற்பத்தாறு டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. எதிரே மேட்டில் ராய்ஸ் விக்ஸமின் நிலம் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. அங்கே ஒன்றரை அடிக்குக் கீழே இறுகிப்போன களிமண் தட்டு. தண்ணீர் இறங்க வழியில்லை. மேட்டுக்காரர்கள் உழுவதற்கு இன்னும் ஐந்து வாரமாவது ஆகும்.

ஒவ்வொரு வருடமும் நாங்கள்தான் முதலில் இறங்குவோம். நாங்கள் என்ன நாங்கள் — அண்ணன் எல்டன் அக்டோபரில் கல்யாணம் செய்துகொண்டு ஒஹையோவுக்குப் போய்விட்டான். அறுபத்து மூன்று வயதில்.

நாளை உழ ஆரம்பிக்கிறேன்.

ஏப்ரல் 9

எல்டனிடமிருந்து கனமான உறை. உள்ளே குத்தகைப் பத்திரம். பக்கத்து மாவட்டத்துப் பெரிய உருளைக்கிழங்கு விவசாயி ஒருவர் இருபத்திரண்டு ஏக்கரையும் பத்து வருடத்துக்கு எடுத்துக்கொள்வாராம். அண்ணன் கையெழுத்து இருக்கிறது. என்னுடையதற்கு இடம் விட்டிருக்கிறது.

மாலையில் அவனே போன் செய்தான். "மே இருபதுக்குள்ள கிழங்கு நட்டு முடிச்சிட்டா அதைக் கிழிச்சுப் போட்டுடு. முடியலன்னா கையெழுத்துப் போட்டு அனுப்பு. தனியா உன்னால ஆகாது லோர்னா. கோவிச்சுக்காத." கோபம் இல்லை என்றேன். பின்னால் அந்தப் பெண் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

ஏப்ரல் 10, ஞாயிறு

இன்று யாரோடும் பேசவில்லை. இதை எழுதும்போதுதான் தெரிந்தது.

ஏப்ரல் 12

உழவு முடிந்தது. இனிக் கல்.

குளிர்காலத்தில் தரை உறைந்து உறைந்து கல்லை மேலே தள்ளிவிடும். முப்பது வருடமாகப் பொறுக்குகிறோம், குறைந்தபாடில்லை. ஒருமுறை மாவட்ட மண் ஆய்வாளர் வந்து ஐந்தடிக் குழி தோண்டிக் காட்டினார். மேலே பத்து அங்குலம் பழுப்பு மண். அடுத்து செம்பழுப்பாகச் சரளை. மூன்றடிக்குக் கீழே கூழாங்கல்லும் மணலும் சாம்பல் நிறத்தில் அடுக்கு அடுக்காக. பனிப்பாறை உருகி ஓடிய தண்ணீர் கொண்டுவந்து கொட்டியது என்றார். கல் ஒவ்வொன்றும் உருண்டை, வழவழப்பு. எங்கிருந்தோ நெடுந்தூரம் உருண்டு வந்தவை.

தீவனக் கடைக்குப் போனேன். சுவரில் அந்தக் கரும்பலகையை மாட்டிவிட்டார்கள். வசந்தத்தில் முதல் டிராக்டர் நிலத்தில் இறங்கிய தேதியும் பெயரும் எழுதுவது வழக்கம். மேட்டுக்காரர்களுக்கு மட்டும். சரளைக்காரர்களைச் சேர்த்தால் போட்டியே இல்லை என்பார்கள். மேட்டுக்காரர்கள் ஆறேழு பேர் காபி வைத்துக்கொண்டு, சேறு காய்வதற்காகச் சேர்ந்து காத்திருந்தார்கள். ஒருவர் என்னைப் பார்த்து, "என்ன லோர்னா, அறுவடையே முடிஞ்சிருக்குமே?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். பத்து நிமிடம் நின்றிருக்கலாம். ஆனால் நிலம் காய்ந்து கிடக்கிறதே.

ஏப்ரல் 15

கல் பொறுக்குவது இரண்டு ஆள் வேலை. டிராக்டருக்குப் பின்னால் இரும்புத் தட்டு தரையோடு இழுபடும். எல்டன் ஓட்டுவான், நான் நடந்து பொறுக்கிப் போடுவேன். கல்லால் தட்டில் ஒருமுறை தட்டினால் நிறுத்து, இரண்டு முறை தட்டினால் போ. பேச்சே கிடையாது. அப்போது அது பேச்சு என்று தோன்றவில்லை.

இன்று நானே ஓட்டி, நானே இறங்கி, நானே ஏறி — எண்ணினேன், நூற்று நாற்பத்தொரு தடவை. முட்டி வீங்கிவிட்டது. முடிந்தது அரை ஏக்கர். இந்த வேகத்தில் நாற்பத்து நாலு நாள். இருப்பது முப்பத்தைந்து. நடவும் அதற்குள்தான்.

ஏப்ரல் 16

கீழ் கியரில் போட்டு டிராக்டரைத் தானாக ஊர விட்டுவிட்டுப் பக்கத்தில் நடந்து பொறுக்கினேன். இப்படிச் செய்கிறவர்களை எல்டனும் நானும் எத்தனை கிண்டல் செய்திருக்கிறோம். ஒன்றரை ஏக்கர் முடிந்தது.

ஏப்ரல் 19

என்ன புத்தி இது. என்ன புத்தி.

பெரிய கல் ஒன்று பாதி புதைந்திருந்தது. கடப்பாரையால் நெம்பினேன். கணுக்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். எழுவதற்குள் டிராக்டர் முப்பது அடி தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. ஓடினேன் — நொண்டினேன். எட்டவில்லை. வேலியைச் சாய்த்துக்கொண்டு, சரளை முடிந்து மேட்டின் அடிவாரம் தொடங்கும் இடத்தில், ராய்ஸின் மேய்ச்சல் நிலத்துக்குள் போய், அச்சு வரை சேற்றில் புதைந்து நின்றது.

ராய்ஸ் கொட்டகை வாசலிலிருந்து பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். மெதுவாக இறங்கி வந்தார். நாலு வருடமாகத் தனி ஆள், முப்பத்தெட்டு மாடு. ஒரே பள்ளிப் பேருந்தில் போனவர்கள் நாங்கள். அதற்கப்புறம் கை அசைப்பதோடு சரி. எனக்கு வேலை இருக்கும்போது அவருக்கு இருக்காது, அவருக்கு இருக்கும்போது எனக்கு இருக்காது.

"டிராக்டர் தனியா வருதே, யாரையாவது தேடுதோன்னு பாத்தேன்" என்றார். என் காலைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "அது மேல ஏறியிருந்தா?"

ஏறியிருந்தால் எத்தனை நாள் கழித்து யாருக்குத் தெரிந்திருக்கும்?

ஏப்ரல் 20

அவர் டிராக்டரைக் கொண்டுவந்தால் அதுவும் புதையும். பலகை போட்டால் பலகை அமிழ்ந்தது. நான்தான் சொன்னேன், கல் இருக்கிறதே என்று. நில ஓரத்தில் முப்பது வருடக் குவியல். அவருடைய லாரியில் ஆறு நடை கொண்டுவந்து கொட்டினோம். பெரிய கல் அடியில், சரளை மேலே. மூன்று மணிக்கு என் டிராக்டர் அந்தத் தடத்தின் மேல் யாரும் இழுக்காமலே ஏறி வெளியே வந்தது.

ராய்ஸ் தடத்தின் மேல் இரண்டு தடவை நடந்து பார்த்தார். குதித்தும் பார்த்தார்.

ஏப்ரல் 21

கால் கொஞ்சம் தேவலை. தீவனக் கடைப் பலகையில் முதல் வரி: "ஏப்ரல் 19, லோர்னா டீட்டரின் டிராக்டர். ஆள் வரவில்லை." ராய்ஸின் கையெழுத்து. வீடு வரும் வரை சிரித்தேன். வீட்டில் சொல்ல ஆள் இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

ஏப்ரல் 22

காலைக் கறவை முடித்துவிட்டு ராய்ஸ் வந்தார். கொட்டகையிலிருந்து மேய்ச்சலுக்குப் போகும் பாதையில் மாடுகள் முட்டி வரை புதைகின்றனவாம். கல் வேண்டும். "குவியலை எடுத்துக்குங்க" என்றேன்.

"அது பத்தாது. பாதை முந்நூறு அடி." தொப்பியைக் கழற்றி மாட்டினார். "என் நிலம் காய ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் நான் சும்மாதான். நான் ஓட்டறேன், நீங்க பொறுக்குங்க. கல்லு எனக்கு."

உதவி என்ற சொல்லை இருவருமே சொல்லவில்லை.

ஏப்ரல் 28

ஓட்டுகிறவர் வாயை மூடுவதில்லை. மாடுகளின் குணம், மருமகனின் சமையல், செனட்டர்கள், எல்லாம். தட்டில் தட்டினால் காதில் விழுவதில்லை. "நிறுத்து"க்கும் "போ"வுக்கும் கத்த வேண்டியிருக்கிறது. இன்று மட்டும் இரண்டு ஏக்கர் முடிந்தது. தொண்டை கட்டிவிட்டது.

மே 5

மேட்டில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன். அப்புறம் வெட்கமாக இருந்தது.

மே 13

நிலம் முழுக்கக் கல் பொறுக்கியாகிவிட்டது. பாதையும் முடிந்தது. மாடுகள் முதலில் சந்தேகமாக ஒரு கால் வைத்துப் பார்த்தன, பிறகு வரிசையாக நடந்து போயின. ராய்ஸ் கை கொடுத்தார். "கணக்கு நேராச்சு" என்றார். ஆமாம், நேராகிவிட்டது.

நாளைக்கு வருவாரா என்று நான் கேட்கவில்லை. வருவதற்குக் காரணம் இல்லை.

மே 15, ஞாயிறு

நேற்று முழுக்க மழை. இன்று பத்து மணிக்கே நிலம் தயார். நடவு இயந்திரத்துக்கும் இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் ஓட்ட, ஒருவர் பின் இருக்கையில் உட்கார்ந்து விதைக்கிழங்கு தவறாமல் விழுகிறதா என்று பார்த்துக் கையால் சரிசெய்ய. ஒரு வரிசை தனியாக நட்டேன். திரும்பி நடந்து தோண்டிப் பார்த்தேன். முப்பத்தொரு இடத்தில் கிழங்கே இல்லை.

பத்திரத்தைச் சமையலறை மேசையில் எடுத்து வைத்தேன். பேனாவும்.

மே 16

காலை எட்டே காலுக்கு வெளியே வந்தேன். நடவு இயந்திரத்தின் பின் இருக்கையில் ராய்ஸ் உட்கார்ந்திருந்தார். இரும்பு இருக்கை மேல் வீட்டிலிருந்து கொண்டுவந்த பச்சைத் திண்டு.

"பாதைதான் முடிஞ்சிடுச்சே?" என்றேன்.

"முடிஞ்சிடுச்சு" என்றார். "ஏறி ஓட்டுங்க. அஞ்சு மணிக்கு எனக்குக் கறவை."

மே 18

ஒன்பது ஏக்கர் முடிந்தது. மேட்டில் அவருடைய மேல் நிலம் காய ஆரம்பித்துவிட்டது. நான் சொன்னேன். பார்த்தேன் என்றார். இறங்கவில்லை.

மே 19

பதினாறு ஏக்கர்.

மே 20

மதியம் இரண்டரைக்குக் கடைசி வரிசை. திரும்பி நடந்து இருபது இடத்தில் தோண்டிப் பார்த்தேன். இருபதிலும் கிழங்கு இருந்தது.

காபி போட்டேன். ராய்ஸ் முதல் தடவையாகச் சமையலறைக்குள் வந்து உட்கார்ந்தார். கோப்பையை எல்டனின் பத்திரத்தின் மேல் வைத்தார். எடுக்கச் சொல்லவில்லை. அவர் பாட்டுக்குச் சோளம் விதைப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நாளையிலிருந்து அவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, ஜூன் வரை இந்தப் பக்கம் வரமாட்டார். ஜூலையில் என் செடிகள் மழை இல்லாமல் வாடும், அவருடையது பச்சையாக நிற்கும். அதெல்லாம் மாறப்போவதில்லை.

கறவைக்குப் போய்விட்டார். விளக்கேற்றும் நேரத்தில் இயந்திரத்தை மூடப் போனபோது திண்டு இருக்கையிலேயே இருந்தது. மறந்தாரா என்று தெரியவில்லை. மழை வரும்போல இருந்தது. உள்ளே கொண்டுவந்து அடுப்பருகே வைத்தேன்.