நாப்பத்தோராவது மனு

பெரக்கரை நாடு,
கொல்லிமலை.
விஷு வருஷம் ஆனி மாசம் 22.

என் கண்ணு சின்னுசாமிக்கு அம்மா பெருமாயி எழுதிக்கொண்டது. இங்க நானும் உங்கப்பாவும் தங்கச்சி பாப்பாத்தியும், பசுமாடு ரெண்டும், போன வாரம் பொறந்த கன்னுக்குட்டியும் நோய் நொடி இல்லாம இருக்கறோம். நீ அங்க நேரத்துக்குச் சாப்புட்டு நல்லா இருக்கறயான்னு அறப்பளீசுவரரைத்தான் நான் கேக்க வேண்டியிருக்குது, நீயா எழுதறதில்ல. போன கடுதாசியில நாலு பக்கம் காலேஜ் பாரத்தைப் பத்தி, உன் ஒடம்பைப் பத்தி ஒரே வார்த்தை, 'சுகம்'. அந்த ஒரு வார்த்தையைத் தேடி நாலு பக்கத்தையும் எழுத்துக்கூட்டிப் படிச்சேன், எனக்குக் கழுத்து வலியே வந்துருச்சு.

இந்தக் கடுதாசியை உங்கையில கொடுத்தது யாருன்னு பாத்திருப்பே. உன் சென்றாயன் சித்தப்பன் மக அத்தாயியேதான், உனக்குத் தங்கச்சி மொற. அவ எப்படி மதராஸ் வந்து சேந்தான்னு அவளைக் கேட்டா பாதிதான் சொல்லுவா, அதுலயும் என் பங்கைச் சொல்லவே மாட்டா, எனக்கு மானம் போயிருமாம். அதனால நானே எழுதிப்புடறேன். வழியில அவ பிரிச்சுப் படிச்சுருவாளோன்னு சோத்துப் பசையை நல்லாத் தடவித்தான் ஒட்டியிருக்கறேன். எனக்கு அ ஆ சொல்லிக் கொடுத்தவளே அவதான், இருந்தாலும் சில சங்கதி வாத்தியாருக்குத் தெரியப்படாது. நான் ஏன் இந்த வயசுல படிக்க உக்காந்தேன்னு உனக்குத் தெரியுமா, உன் கடுதாசியை மணியக்காரர் அண்ணாமலைதான் படிச்சுக் காட்டுவாரு, ஊரே சுத்தி உக்காந்து கேக்கும், அவருக்குப் பிடிக்காத எடம் வந்தா தாண்டிப் போயிருவாரு. எம்மவன் என்ன எழுதறான்னு எனக்குப் பாதிதான் தெரியும். அந்த ஆத்தரத்துலதான் லீவுக்கு வந்த அத்தாயியைப் புடிச்சு உக்கார வெச்சேன்.

நீ அனுப்புன பாரம் வைகாசி நடுவுல வந்துச்சு. காடு மலையில இருந்து வர்ற பிள்ளைங்களுக்குக் காலேஜ்ல எடமும் ஹாஸ்டல்ல சோறும் வாங்கித்தர நீயும் உன் சிநேகிதக்காரங்க ரெண்டு பேரும் அலையறதா எழுதியிருந்தே. நம்ம மலையில எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினவங்க யாராச்சும் இருந்தா ஜூன் இருபதுக்குள்ள பாரம் வந்து சேரணும்னு. யாராச்சும்னு என்ன கண்ணு தேடறது, ராசிபுரத்துல மொளகு வாங்கற பழனாயியம்மா ஊட்டுல தங்கிப் படிச்சு இந்த வருஷம் பாஸ் பண்ணின அத்தாயி ஒருத்திதான் இருக்கறா. பாரத்தை அவளே இங்கிலீசுல எழுதுனா. பொறந்த தேதின்னு கேட்டிருந்துச்சு. அவ பொறந்தது கரடி வந்து பலாமரத்தடியில படுத்துக்கெடந்த அன்னைக்கின்னு அவங்கம்மா கண்ணாயி அடிச்சுச் சொல்றா, ஆனா பள்ளிக்கூடத்துக் கணக்குல ஜூலை ஒண்ணு. உனக்கும் ஜூலை ஒண்ணுதான். நம்ம மலையில பொறந்து பள்ளிக்கூடம் போன அத்தனை பேரும் ஒரே நாள்ல பொறந்தவங்க. தகப்பன் தொழில் விவசாயம்னு எழுதுனா சென்றாயனுக்கு அது பத்தல, சொந்தமா மொளகுக்கொடி வெச்சிருக்கறதையும் சேத்து எழுதச் சொல்லி ஒரு நாள் பூராவும் கோவிச்சுக்கிட்டான்.

எல்லாம் முடிஞ்சு கடைசிப் பக்கத்துல ஒரு எடம் காலியா நின்னுச்சு. இந்தப் பொண்ணு மலைச்சாதிப் பொண்ணுதான், நன்னடத்தைக்காரிதான்னு சர்க்கார் ஆபீசர் ஒருத்தர் கையெழுத்துப் போடணும். சென்றாயனும் அவளும் விடியறதுக்கு முன்னாடி மலையெறங்கி ரெவின்யூ ஆபீசரைப் பாக்கப் போனாங்க. அவரு காம்ப் போயிருக்கறாருன்னாங்க. ரெண்டாந்தரம் போனப்ப இருந்தாரு, சாப்புட்டுட்டுத் தூங்கறாருன்னாங்க. மூணாந்தரம் பாத்தே பாத்துட்டாங்க, அவரு பாரத்தைப் பிரிச்சுக்கூடப் பாக்காம, மலைக்காரப் பொண்ணு காலேஜுக்குப் போயி யாருக்கு என்ன ஆகப்போவுது, நிசமா இவதான் பாஸ் பண்ணினாளா, விசாரிச்சுட்டுச் சொல்றேன்னு பாரத்தைத் திருப்பிக் கொடுத்துட்டாரு. சென்றாயன் மலையேறி வந்ததும் நேரா மொளகுக்கொடிப் பக்கம் போயிட்டான். அத்தாயி மட்டும் என்கிட்ட வந்து, பெரியம்மா இன்னிக்கிப் பாடம் எங்க விட்டோம்னு கேட்டா. அவ கண்ணு செவந்திருந்துச்சு. எனக்கு எழுத்து ஒண்ணும் மண்டையில ஏறல, வேற ஒண்ணுதான் ஏறுச்சு.

ஜூன் பதினாறாம் தேதி செம்மேட்டுல காம்ப், நாப்பது பேரு மனுவை வாங்க அதே ஆபீசர் மலைக்கு வாராருன்னு மணியக்காரர் தண்டோராப் போட்டாரு. அவரால ஏறி வர முடியுமா, நாலு ஆளு தூக்கற டோலி வேணும்னு உத்தரவு. எந்த நாலு பேருன்னு மணியக்காரர் யோசிச்சுக்கிட்டு இருந்தாரு, நான் போயி சென்றாயனையும் அவன் மச்சினன் ரெண்டு பேரையும் உங்கப்பாவையும் சொல்லிட்டு வந்தேன். உங்கப்பாவைக் கேக்கலதான். கேட்டா முட்டி வலின்னுதான் சொல்லுவாங்க. மகளோட பாரத்தைத் திருப்பிக் கொடுத்தவரு அந்தத் தகப்பன் தோள் மேலயே உக்காந்து வரட்டும், வழியில ரெண்டு வார்த்தை பேசுனா மனசு எளகும்னு கணக்குப் போட்டேன். சென்றாயன் வழி பூராவும் வாயைத் தொறக்கவே இல்லையாம். ஆபீசர்தான் வளைவுக்கு வளைவு இன்னும் எவ்வளவு தூரம்னு கேட்டுக்கிட்டு வந்தாராம். அந்த வித்தை பலிக்கல.

ரெண்டாவது வித்தையைச் சொல்றேன், உங்கப்பாவுக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது. ஆபீசரோட குமாஸ்தா மாரப்பன் ஒரு நாள் முன்னாடியே நடந்து வந்துட்டாரு, அவருக்குச் சாப்பாடு நம்ம ஊட்டுல. நல்ல மனுசன், வாய்க்கு ருசியா எதைக் கொடுத்தாலும் வேண்டாங்கமாட்டாரு. இந்த வருஷம் பலா எப்படிக் காய்ச்சுருக்குதுன்னு உனக்குத் தெரியாது. ராத்திரி சோத்துக்கு மேல பலாச்சொளை கொடுத்தேன், காலையில வெறும் வயித்துல தேனை ஊத்தி மறுபடி கொடுத்தேன், தட்டு காலியாகக் காலியாக வெச்சுக்கிட்டே இருந்தேன். சத்தியமா வேற ஒண்ணும் கலக்கல சாமி. பத்து மணிக்கு அவரு காட்டுப்பக்கம் போனவரு பொழுது சாயற வரைக்கும் போறதும் வாரதுமாவே இருந்தாரு. அப்பறம் நான்தான் சுக்குக் கசாயம் வெச்சுக் கொடுத்தேன், நீங்க நல்லவங்கம்மான்னு கும்புடு போட்டாரு, எனக்கு மூஞ்சியை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல.

இப்ப காம்ப்ல எழுத ஆளில்ல. மனு தமிழ்ல இருக்கணும், அடியில சாராம்சம் இங்கிலீசுல இருக்கணும், பொழுதுக்குள்ள ஆபீசர் எறங்கியாகணும். மணியக்காரர் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னாரு. நான் கூட்டத்துல இருந்து, எழுதற ஆளு ஒண்ணு இருக்குதுங்க, பொம்பளைப் பிள்ளை, பரவால்லீங்களான்னு கேட்டேன். அவருக்கும் வேற வழியில்ல. அத்தாயி தரையில பலகையைப் போட்டு உக்காந்தா. அவ மூஞ்சியை ஆபீசர் பாக்கக்கூட இல்ல, மூணாந்தரம் வந்த பொண்ணுன்னு அடையாளமும் தெரியல.

அவ எழுதுனதை நீ பாத்திருக்கணும் கண்ணு. மாரப்பன் எழுதுனா எழுதிட்டுக் கைநாட்டு வாங்கிக்குவாரு, அவ்வளவுதான். இவ ஒவ்வொருத்தருக்கும் எழுதுனதைத் திருப்பிப் படிச்சுக் காட்டிட்டு, சரியாங்கன்னு கேட்டுட்டுத்தான் கட்டை வெரலைப் புடிச்சா. போன காம்ப்ல கொடுத்த மனுவோட நகலை நம்ம பாவாயி அக்கா கொண்டாந்திருந்தாங்க. பன்னி வந்து சாமையை அழிச்சுருச்சு, வரியைக் கொறைங்கன்னு அவங்க சொன்னது. அதைப் படிச்சுப் பாத்தா, காட்டுல பன்னி வேட்டையாட அனுமதி வேணும்னு எழுதியிருக்குது. அறுவது வயசு பாவாயி அக்கா வேட்டைக்குப் போறாங்களாம். கூட்டமே சிரிச்சுச்சு, ஆனா சிரிச்சவங்க அத்தனை பேரும் அப்பறம் சத்தமில்லாம வரிசையில நின்னு அவகிட்டத் திருப்பிப் படிக்கச் சொல்லிக் கேட்டாங்க. கைநாட்டு வெச்ச காகிதத்துல என்ன இருக்குதுன்னு எங்க நாட்டுல பாதிப் பேருக்கு அன்னைக்கித்தான் தெரிஞ்சுது.

நடுவுல தண்ணி கொடுக்கற சாக்குல நான் போயி அவ காதுல சொன்னேன், உன் பாரத்தை இருபத்து மூணாவதா நடுவுல சொருகு, மனுசன் பாக்காமயே கையெழுத்துப் போட்டுக்கிட்டே போறாருன்னு. அவ என்னை ஒரு பார்வை பாத்தா, எழுத்துப் பெழையா எழுதுனா பாப்பாளே அந்தப் பார்வை. நான் தண்ணிச் சொம்பைத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.

நாப்பது மனுவும் முடிஞ்சுது. ஆபீசர் ஒண்ணு ரெண்டை எடுத்துப் படிச்சுப் பாத்தாரு. அப்பறம் உக்காந்து நெறையப் படிச்சாரு. யாரும்மா நீ, எங்க படிச்சேன்னு அப்பத்தான் கேட்டாரு. அத்தாயி எந்திரிச்சு நின்னு பாரத்தை ரெண்டு கையிலயும் நீட்டுனா. "நாப்பது பேரு மனுவை எழுதிட்டேனுங்க. நாப்பத்தோராவது என்னுது. இதையும் படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க." படிச்சுப் பாத்துட்டுன்னு அழுத்திச் சொன்னா.

அவருக்கு ஞாபகம் வந்துருச்சு, மூஞ்சி மாறுச்சு. ஆனா கையெழுத்துப் போடல. நல்ல மாதிரிதான் பேசுனாரு, அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்துச்சு. இவ்வளவு தூரம் எழுதத் தெரிஞ்ச பிள்ளை இன்னும் என்னத்துக்கு மதராஸ் போகணும், செம்மேட்டுப் பள்ளிக்கூடத்துலயே வாத்தியாரம்மா வேலைக்கு நான் சொல்றேன், அடுத்த மாசமே சம்பளம், அப்பா அம்மா கூடவே இருக்கலாம்னாரு. கண்ணாயிக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, பக்கத்துல இருந்தவங்க அவ கையைப் புடிச்சு நல்ல காலம்டின்னாங்க. அத்தாயி தகப்பனைத் திரும்பிப் பாத்தா. அவ கண்டிப்பாப் போகணும்னுதான் நெனச்சா, ஆனா அவன் வாயைத் தொறந்து இருந்துரும்மான்னு சொன்னா இருந்துருவா. எனக்கு அது தெரியும். நான் போட்ட வித்தை எல்லாம் அந்த எடத்துல ஒண்ணுத்துக்கும் ஆகல கண்ணு, சும்மா நின்னேன்.

சென்றாயன் துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு முன்னாடி வந்தான். வழி பூராவும் பேசாதவன் அப்பத்தான் பேசுனான். "ஐயா, உங்களைச் செம்மேடு வரைக்கும் தூக்கியாந்தவன் நானுங்க. இது எம்மவ. இவளை மதராஸ் வரைக்கும் தூக்கிட்டுப் போகச் சொன்னாலும் நான் தூக்கிட்டுப் போயிருவேன். என்னால ஆகாதது அந்தக் கையெழுத்து ஒண்ணுதானுங்க."

ஆபீசர் அவன் தோளைப் பாத்தாரு. டோலிக் கம்பு அழுத்துன தடம் செவந்து கெடந்துச்சு. பாரத்தை முதல் பக்கத்துல இருந்து, மொளகுக்கொடி வரைக்கும், ஒரு வரி விடாமப் படிச்சாரு. படிச்சுட்டுப் போட்டாரு. முத்திரையும் அவரே வெச்சாரு. எறங்கறப்ப டோலியில ஏறமாட்டேன், நடந்தே வாரேன்னுட்டாரு. மொத வளைவு வரைக்கும் நல்லாத்தான் நடந்தாராம். அங்க ஒரு பாறையில உக்காந்து மூச்சு வாங்கி, பெறகு சென்றாயனைப் பாத்து, கோவிச்சுக்காதேப்பான்னு சொல்லி ஏறிக்கிட்டாராம். மனுசன் கெட்டவரில்ல, கனம்தான் ஜாஸ்தின்னு உங்கப்பா சொன்னாங்க.

பாரத்தையும் அவங்களேதான் மடியில கட்டிக்கிட்டுப் போயி பேளுக்குறிச்சியில தபால்ல சேத்துட்டு வந்தாங்க, முட்டி வலிக்கு மூணு நாள் ஒத்தடம். எடம் கெடச்சுருச்சுன்னு உன் கார்டு வந்தப்ப மணியக்காரரை விடாம நானே கூட்டத்துல சத்தமாப் படிச்சேன். சென்றாயன் மறுபடி படிக்கச் சொன்னான், மறுபடி படிச்சேன்.

இப்ப உனக்கு ஒண்ணு சொல்லணும், இத்தனை நாளா சொல்லல. நீ காலேஜுக்குப் போன வருஷம் உனக்கு எடம் கெடச்ச கடுதாசி வந்துச்சு பாரு, அது நீ நெனக்கற மாதிரி அன்னைக்கி வரல. மூணு நாள் முன்னாடியே வந்துச்சு. தபால் கொண்டாந்தவரு என் கையிலதான் கொடுத்தாரு. எனக்குப் படிக்கத் தெரியாட்டியும் அது எதுன்னு தெரிஞ்சுது. சாமைப் பானையில அடியில போட்டு மூடி வெச்சுட்டேன். மூணு நாளும் நீ வழியைப் பாத்துக்கிட்டு சோறு திங்காம நின்னே. மூணாம் நாள் சாயந்தரம் நீ மொளகுக்கொடிகிட்ட நின்னு யாருக்கும் தெரியாம அழுததைப் பாத்துட்டு எடுத்தாந்து, இப்பத்தான் வந்துச்சுன்னு பொய் சொன்னேன். அத்தாயி பாரத்துக்காக நான் ஏன் இவ்வளவு பேயாட்டம் ஆடுனேன்னு உங்கப்பா கேட்டாங்க. இதுதான் பதில், அவங்களுக்கு இன்னும் தெரியாது. நீ திட்டறதா இருந்தா திட்டி எழுது, நானே படிச்சுக்குவேன்.

அத்தாயியை மொத நாள் நீயே கூட்டிக்கிட்டுப் போயி ஹாஸ்டல்ல விட்டுட்டு, ஜன்னல் இருக்கற எடமாக் கேட்டு வாங்கிக் கொடு, அவ மூடுன அறையில தூங்கமாட்டா. ஒரு பையில தேனும் மொளகும் கொடுத்து அனுப்பியிருக்கறேன், பலா கொடுக்கல. உன் கம்பளியை வெயில்ல போடு. அப்பறம் ரெண்டாவது பாரம் ஒண்ணு இப்பவே வாங்கி வெய்யி, கண்ணாயியோட சின்னவ அம்சவேணி அடுத்த வருஷம் பரிட்சை எழுதறா. ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீசுவரர் கோயிலுக்கு நீ வந்தே ஆகணும். நீயும் அவளும் எங்க இருந்தாலும் தலை நோகாம, கால் நோகாம, நாலு பேரு மதிக்கற மாதிரி இருக்கணும்னு வேண்டிக்கிட்டு முடிக்கறேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெத்தவ,
பெருமாயி
(கைநாட்டு இல்ல, கையெழுத்து)